வேகாத சேப்பங்கிழங்கும் நின்றுபோன போரும்

வாழி! ஆற்றின் இரு கரையும் தம் குடைநிழலில் குளிர வைத்திருக்கும் நெடுங்கரை வேந்தர் விடங்க மாறனார் திருமுன்னர், செங்குன்ற நாட்டு மூத்த தூதன் அல்லியூர்ச் சாத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் திருநாவின் அரிப்பு தணிக. இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மையென்று, என் எண்பது வயதின் மேலும் எஞ்சியிருக்கும் மூன்று பற்களின் மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன்.

சென்ற திங்கள் அடியேனுக்கு அளித்த விருந்தில் சேப்பங்கிழங்கு வேகாமல் வந்தமைக்காக, தங்கள் மடைப்பள்ளித் தலைவி பூதியை வரும் முழுநிலா நாளில் நாடு கடத்தப் போவதாகக் கேள்வியுற்று இவ்வோலையை எழுதலானேன். வேந்தே, அவள் தொழில் அறியாதவள் அல்லள். வெண்டைக்காய்க்குக் கால் நாழிகை, வாழைக்காய்க்கு அரை நாழிகை, சேப்பங்கிழங்குக்குப் புளிநீரில் முழு நாழிகை, வெள்ளாட்டுக்கு மூன்று என்று உறக்கத்திலும் சொல்வாள். ஆடு கிடைக்காத நாளில் பலாப்பிஞ்சை அவள் கறியாக்கிவைக்க, தங்கள் சேனாபதியார் எலும்பைத் தேடி இலையையே கிழித்தார். கிழச்சேவல் ஒன்றை இரண்டு நாள் வேகவைத்தாள். மூன்றாம் நாள் விடியலில் அது குழம்புக்குள்ளிருந்தே கூவிற்று. அன்று முதல் அந்தக் குழம்புக்கு மொச்சையைத்தான் இடுகிறாள்.

அன்றைய குற்றம் கிழங்கினுடையது. ஏழு நாழிகை கொதித்தும் அது இளகவில்லை. கொதிநீரைப் பொங்கவைத்து மூன்று முறை அடுப்பையே அணைத்தது. மடைப்பள்ளி வாசலில் நின்று என் கண்ணால் கண்டேன். "கெழங்கா இது? போன பொறவியில கோட்டைவாசக் கல்லா இருந்திருக்கும், பெரியவரே" என்று அவள் என்னிடம் நொந்துகொண்டாள்.

அதை உண்டபின், எல்லைப் புன்செய் பொருட்டு எங்கள்மேல் போர் அறிவிக்கத் தாங்கள் எழுந்தீர்கள். நா அரித்தது, ஒரு சொல்லும் வரவில்லை. ஆணைக்குக் காத்து நின்ற பன்னிரண்டாயிரம் வீரரும் கால் கடுத்து வீட்டுக்குப் போயினர். பன்னிரண்டாயிரம் தாய்மார் அன்று தம் பிள்ளைகளுக்குச் சோறிட்டனர். அவர்கள் பொருட்டேனும் பூதியை மன்னித்து, அகப்பையை அவள் கையில் திரும்பத் தருக. இனி விருந்து நாளில் சேப்பங்கிழங்குக்கு மாற்றாக வாழைக்காய் ஆகுக. போர் பேசும் நாளில் சேப்பங்கிழங்கே ஆகுக.

எம் மன்னரின் மயில் இலச்சினை இடப்பட்டது. ஓலை கொணர்வோனுக்கு மோர் கொடுத்து, மன்னிப்பு ஆணையை அவன் கையிலேயே அனுப்புக.

இலச்சினை இட்டபின் எழுதியது: பசி தாளாமல், கால் நாழிகையிலேயே அந்தக் கிழங்கை இறக்கும்படி அவளை அதட்டியவன் நான்.