கவுன்டருக்கு மேலே இருந்த அம்மன் படம்

அக்கா,

உங்கள் இரும்பு பீரோ இன்று காலைதான் புதிய கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆபீஸ் இங்கே மாறி இரண்டு வாரம் ஆகிறது, அது கடைசி வண்டியில் வந்தது. அடித்தட்டில், பழைய ஃபைல்களுக்கு அடியில், செய்தித்தாள் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. அதன்மேல் உங்கள் கையெழுத்தில் என் பெயர். பிரித்தபோது அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே சிவப்புக் காகித நட்சத்திரம், மடிப்புக்கூடக் கலையாமல். நீங்கள் அதை அன்றே குப்பையில் போட்டிருப்பீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை வாங்கித் தந்தவர் என் அப்பா. அவர் சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் நின்றவர். அவருடைய அப்பா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். நான் பேரூராட்சி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில், "ஊட்ல கட்டாத. ஆபீஸ்ல கட்டு, நாலு பேரு பாக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார். கவுன்டர் ஜன்னலுக்கு மேலே கட்டினேன். பெஞ்சின்மேல் வைக்கோல் பரப்பிக் குடிலும் வைத்தேன். அதே சுவரில், கவுன்டருக்கு மேலே, பக்கத்திலேயே பெரியபாளையத்து அம்மன் இருந்தாள். அப்போது ஆபீஸ் உங்கள் பொறுப்பில் இருந்தது, நீங்கள் கொண்டுவந்து மாட்டிய படம் அது. பூவும் சின்ன விளக்குமாக ஒருநாளும் குறை வைத்ததில்லை நீங்கள். அவளுக்கு இருக்கும் இடம் குழந்தை இயேசுவுக்கும் இருக்காதா என்பது என் கணக்கு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் மட்டும் குடிலில் இருந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா, பிரியாணிக்கா?" என்றார்.

அம்மன் படத்தால் நம் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. கூடத்துக்குள் யாரும் செருப்போடு வரக் கூடாது. எழுதி ஒட்டவில்லை, ஆனால் மீறினால் முனுசாமி அண்ணன் குரல் தெருவுக்குக் கேட்கும். செருப்புக்காரர்கள் கழற்றிவிட்டு வந்துவிடுவார்கள். கம்பெனி ஆட்கள்தான் பாவம். அரை மணி நேர சாப்பாட்டு பிரேக்கில் ஓடி வருவார்கள். கணுக்கால் வரை ஏறிய சேஃப்டி ஷூ. லேஸைப் பிரித்து, சாக்ஸை உருவி, வரிசையில் நின்று கவுன்டருக்கு வருவதற்குள் திரும்பிப் போகும் நேரம் ஆகிவிடும்.

குடில் வைத்த நான்காம் நாள் அப்படி ஒருவர் வந்தார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் தப்பாக இருந்தது. திருத்தாவிட்டால் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். வாசலில் குந்தி ஒரு ஷூவைக் கழற்றிவிட்டார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் நட்சத்திரம்.

"இங்க யாருக்குண்ணே ஷூவ அவுக்கணும்?" என்று முனுசாமி அண்ணனிடம் கேட்டார். கிண்டலில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து அவுத்துடு" என்றார் அண்ணன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் எழுந்து வந்து கூப்பிடுவதற்குள் அவர் சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் நாற்காலியின்மேல் ஏறி அம்மன் படத்தை இறக்கினீர்கள். முனுசாமி அண்ணன் பதறிப்போனார்.

"இன்னா மேடம் இது, சாமிய எறக்கிக்கினு. ஆடி மாசம் வேப்பஞ்சேல கட்றவங்க நீங்க."

"அதனாலதான் நான் எறக்குறேன். வேற யாரு எறக்குனாலும் பேஜாராயிடும்."

பிறகு என்னிடம் திரும்பினீர்கள். "சாமி முன்னாடி செருப்போட நிக்கக் கூடாது, சரிதான். அப்போ கவுன்டர் முன்னாடி சாமி நிக்கக் கூடாது. நீயும் எறக்கிடு."

எனக்கு அந்தக் கடைசி இரண்டு வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. அப்பா அந்த ஆபீஸ் வாசற்படி ஏறவே பயந்தவர். அவர் வாங்கிக் கொடுத்ததை இறக்கச் சொல்கிறீர்களே என்று மட்டும்தான் தோன்றியது. நான் கை வைக்கவில்லை. நீங்களேதான் குடிலை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, நட்சத்திரத்தை அவிழ்த்து எடுத்துப் போனீர்கள். அடுத்த வாரம் அந்த மனிதர் ஷூவோடு வந்து சான்றிதழை வாங்கிப் போனதைப் பார்த்தேன். பார்த்தும் மனசு இளகவில்லை.

அதற்குப் பிறகு உங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. டப்பா மூடியில் புளிச்சோறு வைத்து என் மேஜைக்கு அனுப்புவீர்கள். அப்படியே திருப்பி அனுப்புவேன். நீங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் மாறுதலாகிப் போனபிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குப் போன் செய்தீர்கள். "கேக்கு சாப்ட்டியாடி?" என்று கேட்டீர்கள். "சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். முந்தின வருடம் உங்கள் சாவுக்கு வந்து கூட்டத்தில் நின்றேன். அழுகை வரவில்லை. அது ஒரு பாரமாகவே இருந்தது.

இப்போது ஆபீஸ் என் பொறுப்பில் இருக்கிறது. புதிய கட்டடத்தில் கவுன்டருக்கு எதிர்ச்சுவரில் கொத்தனார் ஒரு மாடம் விட்டிருந்தார். அதில் பிள்ளையார் வைப்பதென்று எல்லோரும் கூடிப் பேசி, ஆயுத பூஜைக்குள் வரும்படி சிலைக்கும் சொல்லிவிட்டார்கள். என் சம்மதம் மட்டும்தான் பாக்கி. அரசு அலுவலகத்தில் இதெல்லாம் கூடாது என்ற சுற்றறிக்கை ஃபைலில் இருக்கிறது. அதை நீட்டியிருக்கலாம். நீட்டினால் என்ன ஆகும் என்று தெரியாதா? "கிறிஸ்டியன் மேடம் வந்துச்சு, புள்ளையார வேணாம்னுச்சு." அந்த ஒரு வரி சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும். அதன்பிறகு நான் என்ன கையெழுத்துப் போட்டாலும் அதில் மதம் தேடுவார்கள். சரி என்றால் மறுபடி வாசலில் ஷூ அவிழ்க்கும் கூட்டம். மூன்று நாள் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். 'அதனாலதான் நான் எறக்குறேன்' என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இறக்குவதற்கு உங்களுடையது சுவரில் இருந்தது. என்னுடையது எங்கே இருக்கிறது?

கடைசியில் எல்லோரையும் என் அறைக்குக் கூப்பிட்டு, மாடத்தில் எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பில் கலெக்டர் சுகுணாதான் ஆரம்பித்தாள். அவள் வாய் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போனபிறகு வந்தவள்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். புள்ளையாரு வேணாம், சரி. உங்க டேபிள் கண்ணாடிக்கு அடியில வேளாங்கண்ணி மாதா குந்திக்கினு இருக்காங்களே, அவங்க இன்னா டெபுடேஷன்ல வந்தவங்களா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுட்டது. நிஜம்தான், அக்கா. கையெழுத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் மாதாவின் முகத்தின்மேல்தான் காகிதத்தை வைக்கிறார்கள். என் கைக்குட்டை மாதிரி அது என் சொந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். வருடக்கணக்காக அந்த மேஜையில் எழுதியும் அது என் கண்ணில் பட்டதே இல்லை.

வெட்கம் ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடம் மனசு லேசாகிவிட்டது. இறக்குவதற்கு என்னிடமும் ஒன்று இருந்தது.

"கண்ணாடியப் புடிங்கண்ணே" என்றேன். முனுசாமி அண்ணன் தூக்கிப் பிடித்தார். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உரிக்கும்போது என் விரல் நடுங்கியது. அன்று உங்கள் கையும் நடுங்கியது. நாற்காலி ஆடுகிறது என்று நினைத்திருந்தேன். "மெதுவா மேடம், மெதுவா, முகத்தக் கிழிச்சிடப் போறீங்க" என்று ஈரத்துணியோடு ஓடிவந்தவள் சுகுணாதான். படத்தைத் துடைத்து என் கைப்பையில் வைத்ததும் அவளே.

"இப்போ சொன்ன புள்ளையார இன்னா பண்றது?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்க புது ஊட்ல மாடம் இருக்குது, சாமிதான் இல்ல. நான் இட்டுக்கினு போறேன்" என்றாள் சுகுணா. பேச்சு அதோடு முடிந்தது. பஸ் ஸ்டாண்டு வரை எதுவும் போகவில்லை. மாடத்தில் இப்போது தண்ணீர் கேன் இருக்கிறது.

நேற்று மதியம் மழை. ஒருவர் சேஃப்டி ஷூவும் சேறுமாகக் கவுன்டர் வரை வந்துவிட்டார். பெருக்கும் அம்மா தரை போச்சே என்று திட்டினார். தரைக்காக மட்டும் திட்டினார். ஷூக்காரர் கண் சுவரில் ஒரு சுற்று சுற்றி எங்கேயும் நிற்காமல் என்னிடம் வந்தது. வீட்டு வரியில் பெயர் மாற்ற வேண்டும் என்றார். பத்து நிமிடத்தில் போய்விட்டார்.

நீங்கள் இருந்திருந்தால் இதைப் போனில் சொல்லியிருப்பேன். உங்களிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் இன்று காலை அழுகை வந்தது, அது நல்லதாக இருந்தது. இப்போதெல்லாம் யாரிடமாவது ஒன்றை எடுக்கச் சொல்லுமுன், அதே மாதிரி என் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கிறேன். பெரும்பாலும் ஏதாவது இருக்கிறது, அக்கா.