மேரி அக்காவின் உள்ளங்கை

ஜூலை 21, திங்கள்

மட்டாஞ்சேரி படகுக் கொட்டகை. விடாத மழை. குடையை என் உதவியாள் ரஹீம் எங்கோ விட்டுவிட்டான், மடையன்.

ஜெரோம் அண்ணனின் ஃபைபர் படகுக்குச் சோதனை. குளச்சல்காரர், இப்போது வைப்பின் தீவில் குடியிருப்பு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் மகனோடு கடலுக்குப் போக வேண்டும். அதற்குப் படகு பரிசோதகர் என் கையெழுத்து வேண்டும். பழைய ஒலிக் கருவி என்றால் ஜெல் தடவணும். ஈரமோ எண்ணெயோ பட்டால் அப்புறம் அடுக்குகளை ஒட்டும் ரெசின் பசை பிடிக்காது. புதுக் கருவி படகைத் தொடவே தொடாது. வெளியே நான் ஒலி அனுப்ப, உள்ளே ரஹீம் வாங்குவான். நடுவில் வெறும் காற்று. ஃபைபர் அடுக்கு பிரிந்திருந்தால் ஒலி வராது, திரையில் கறுப்பு.

இடப்பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே கறுப்பு. ஐந்து விரல்.

ரஹீம்: "எந்தா சேச்சி இது? கையல்லே?"

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

செவ்வாய்

சாயாக்கடையில் ஜெரோம் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"எம் மேரிக்க கையாக்கும் இது. படகு கெட்டும்ப ஜெபிச்ச எண்ணெயத் தொட்டு முத அடுக்குல வச்சா. அதுக்க மேலதான் மத்தத ஒட்டினோம்."

அவர் மனைவி மேரி அக்கா போன வருடம் காய்ச்சலில் போனவர். எண்ணெய் பட்ட இடம் ஒட்டவே இல்லை, வெட்டி எடுக்கணும் என்றேன்.

"இத்தன நாளு எங்கள காத்த கை. அத மட்டும் சொல்லாத மக்களே."

வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் அம்மாவின் மாவுக் கைத்தடம். ஐயோ என்று கத்திவிட்டேன். அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வியாழன்

மழை இல்லை, புழுக்கம். நேற்று ஜெரோம் அண்ணன் பிடிவாதமாகப் படகைக் காயலில் ஓட்டியிருக்கிறார். மறுபடி சோதனை.

விரல்கள் நீண்டிருக்கின்றன. அடுக்குப் பிரிவு பரவுகிறது, அவ்வளவுதான். தெரிந்தும் பயம். ரஹீம் உள்ளே உட்கார மாட்டேன் என்கிறான்.

ஜெரோம் அண்ணன் படத்தையே பார்த்தார். "எம் பயல கூப்புடுதாளா?"

"தெரியாதுண்ணே. கடல்ல பிளந்துடும், அது மட்டும் தெரியும்."

திரையிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, "வெட்டு" என்றார்.

சனி

வெட்டியாச்சு. கை பதிந்த அந்தத் துண்டை ஜெரோம் அண்ணன் மேரி அக்காவின் சேலையில் சுற்றி மகனிடம் கொடுத்தார். ஓட்டையில் புது அடுக்கு, ரெசின் இன்னும் ஈரம். பிரஷ் கழுவிவிட்டுத் திரும்பினால் அவர் கையை நீட்டுகிறார். உள்ளங்கையில் எண்ணெய்.

"தொடாதீங்கண்ணே!"

நின்றார். கையை இறக்கவில்லை. ஒரு விரற்கடை தள்ளி, காற்றிலேயே வைத்திருந்தார், ரெசின் இறுகும்வரை.