அந்தோணிராஜுக்கு ஒரு கூண்டு

புளியந்தாங்கல் கூட்டுரோடு
2 ஜூன் 2025

பிரியமுள்ள ஷாரோனுக்கு,

உன்னோடு பத்தாவது வரை படித்த சுப்பிரமணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லாத மனுஷிக்கு ஒருத்தனை அவ்வளவு வேகமாக வாட்ஸ்அப்பில் பிளாக் பண்ணக் கை வராது. போன் போட்டால் அதுவும் போகவில்லை. அதனால் இந்த வயதில் ஒரு பெண்பிள்ளைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் சம்சாரம் கிளியம்மாள் பக்கத்தில் நின்று வரிக்கு வரி படிக்கிறாள். "இன்னாத்துக்கு இந்தப் பிரியமுள்ள?" என்று இப்போதுதான் கேட்டாள். அடித்துவிட்டால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

விஷயம் நல்ல விஷயம். உன் அப்பாவின் நூற்றாண்டுக்குச் சிலை வைக்க அனுமதி கிடைத்துவிட்டது. இடம் என் மெஸ்ஸுக்கு முன்னால்தான். எங்கள் அப்பாவின் டீக்கடை பெஞ்சில் அவர் போய்ப் போய் உட்கார்ந்தாரே, அதே இடம். சிலைக்குழுத் தலைவன் என்ற முறையில் சிலையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நீ "சீ" என்று ஒரே எழுத்து போட்டுவிட்டு வெளியே போய்விட்டாய்.

சிலை கொஞ்சம் அவசரத்தில் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். வாலாஜாபாத் சிற்பியிடம் யாரோ ஒரு ராஜாவுக்குச் செய்து எடுக்காமல் விட்ட உடம்பு தயாராக இருந்தது. தலையை மட்டும் உன் அப்பாவின் தலையாக்கினால் போதும் என்றார். இடுப்பில் வாள் இருக்கிறது. அதைக் குடையாக மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அனுமதிக்கு ஒரே நிபந்தனை, நாலு பக்கமும் இரும்புக் கூண்டு. ஊரெல்லாம் இருக்கிற வழக்கம்தானே? குடும்பத்தின் சார்பில் நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அன்புடன்,
சுப்பிரமணி


படப்பை
9 ஜூன் 2025

மணிக்கு,

கிளியம்மாளுக்கு என் அன்பைச் சொல். உனக்கு அதைச் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

இனிமேல் இந்த விஷயத்தில் எழுத்து மட்டும்தான். பேச்சு கிடையாது. அப்பாவின் பழக்கம் உனக்குத் தெரியும். கோபம் இருக்கிறவரை வாயைத் திறக்க மாட்டார், எழுதிக் கொடுப்பார். எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும் என்பார். எனக்குப் போகவில்லை. இதைக் கம்பெனி முதலுதவி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரலில் கட்டுப் போட வந்த பையன், "நர்ஸக்கா, பேனாவ இப்டிக் குத்தறீங்களே, எனக்கு ஊசி வேணாம்" என்று எழுந்து போய்விட்டான்.

அப்பாவுக்கு மீசை கிடையாது. குடை கிடையாது. சைக்கிள் பஞ்சர் ஒட்டிப் பிழைத்தவர், மழை வந்தால் சாக்கைப் போர்த்திக்கொண்டு போவார். ஒரு எறும்பைக்கூட ஊதித்தான் விரட்டுவார். அவர் இடுப்பில் வாளா? நன்றாக இருக்கிறது உங்கள் குழுவின் லட்சணம்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கூண்டை மட்டும் பொறுக்க மாட்டேன். நாம் மூன்றாங்கிளாஸ் படிக்கும்போது அவர் செய்ததை நீ கண்ணால் பார்த்தவன். காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "வணக்கம்ணே, எல்லாருக்கும் குடுக்கற கிளாஸ்ல ஒரு டீ" என்பார். உன் அப்பா வெந்நீரை எடுத்து ஊற்றுவார். போலீஸ் வந்து கூட்டிப்போகும். வெளியே விட்டதும் நேராகப் பெஞ்சுக்கு வந்து மறுபடியும் வணக்கம்ணே. கடைசியில் உன் அப்பாவுக்குக் கைவலியே வந்து டீயைக் கொடுத்தார். அந்த பெஞ்சில் ஆரம்பித்துத்தான் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது, சுடுகாட்டுக்குப் பாதை வந்தது. உள்ளே வரலாமா, உட்காரலாமா என்று ஆயுசு முழுக்கக் கேட்டவரைச் செத்தபிறகு உள்ளே தள்ளிப் பூட்டப்போகிறாயா?

கூண்டு வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுக்கிறவரை, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஷிஃப்ட் முடிந்ததும் உன் மெஸ் வாசல் பெஞ்சில் வந்து உட்காருவேன். எதுவும் வாங்க மாட்டேன், எதுவும் குடிக்க மாட்டேன்.

ஷாரோன்


புளியந்தாங்கல் கூட்டுரோடு
27 ஜூன் 2025

என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் ஷாரோனுக்கு,

தாயே, உட்காருவதுதான் உட்காருகிறாய், அந்த வெள்ளை யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு வரக்கூடாதா? முதல் நாள் இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை என்று நினைத்துச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உன் பக்கத்தில் ஆட்கள் வரிசை கட்டினார்கள். மறுநாளிலிருந்து நிலைமை மாறிவிட்டது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் உன்னைப் பார்க்கிறான், என் போர்டைப் பார்க்கிறான். "இன்னாபா, இந்தக் கடைல சாப்ட்டா வெளிய நர்ஸ் ரெடியா கீறாங்கோ!" என்று எதிர்க்கடைக்குப் போகிறான். என் சப்ளையர் அன்பு மத்தியானம் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் மிஞ்சிய சாம்பாரை நாங்கள் மூன்று வேளை குடித்தோம்.

அதைக்கூட விடு. தினமும் என் கையால் டீ கொண்டுவந்து உன் பக்கத்தில் வைக்கிறேன். ஏடு படிந்து ஆறிப்போகிறது. நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். எங்கள் அப்பா கொடுக்க மாட்டேன் என்றார், உன் அப்பா கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். நான் கொடுக்கிறேன் என்கிறேன், நீ வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறாய். எப்படிப் பார்த்தாலும் எங்கள் குடும்பத்துக்குத்தான் கெட்ட பேரா? எனக்கு ராத்திரியில் சோறு இறங்கவில்லை ஷாரோன். கிளியம்மாள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு உன் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

கூண்டு ஏன் என்று சொல்கிறேன். நான் கல்லாவில் உட்கார்ந்து நாலு மேஜைப் பேச்சையும் கேட்கிறவன். இந்தச் சிலை வருவது பிடிக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் சாதியிலேயே இருக்கிறார்கள், என் கடை இட்லியைத் தின்றுகொண்டே பேசுகிறார்கள். நாளைக்கு எவனாவது குடித்துவிட்டு அந்த மூக்கை உடைத்தால் என்ன ஆகும்? பஸ் நிற்கும், கடை மூடும், அடிதடி வரும். அடிபட்டு, கேஸ் வாங்கி, கம்பெனி வேலை போய் நிற்கப்போவது உன் தெருப் பையன்கள்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

சுப்பிரமணி


படப்பை
4 ஜூலை 2025

மணி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பயம் என்று நீ வாய்விட்டு எழுதியதால் என் கோபத்தில் பாதி போய்விட்டது. அப்பா சொன்னது சரிதான், எழுதவேண்டிய ஆள் மட்டும் மாறிவிட்டது.

நீ சொல்வதில் பொய் இல்லை. எங்கள் தெருப் பையன்களை நினைத்தால் எனக்கும் பயம்தான். ஆனால் கூண்டு போட்டால் என்ன அர்த்தம்? உடைப்பவனை அவன் பாட்டுக்கு விட்டுவிட்டு, அடிபட்டவருக்குப் பூட்டுப் போடுகிறோம் என்றுதானே?

உன் பெஞ்சில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். சுகப்பிரியா என்று பேர், திருநெல்வேலிப் பக்கம், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். "யாருக்குக்கா தெனமும் காத்துக் கெடக்கிய?" என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். "ஒரு டீக்காக்கா இவ்வளவு பாடு?" என்று சிரித்தாள். பிறகு அவளே, "எங்க ஊர்ல ஒரு கடை இருக்குக்கா. அங்க இப்பவும் நாங்க போமாட்டோம். யாரும் வராதன்னு சொல்லல. ஆனா போமாட்டோம்" என்றாள். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. மறுநாள் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

சாம்பாருக்கு வருந்துகிறேன். இனி சேலை கட்டிக்கொண்டு வருகிறேன். ஆனால் வருவேன்.

ஷாரோன்


புளியந்தாங்கல் கூட்டுரோடு
21 ஜூலை 2025

அன்புள்ள ஷாரோனுக்கு,

சனிக்கிழமை நடந்ததைப் படப்பை முழுக்க நீ சொல்லிவிட்டாய் என்று கேள்வி. கேட்டவர்கள் கைகால் வைத்துச் சொல்வதற்குள், உள்ளது உள்ளபடி நானே எழுதிவைக்கிறேன்.

வெல்டர் மணிகண்டபிரபு கூண்டைக் கொண்டுவந்து நிறுத்தினான். சிலை வந்தால் தலை இடிக்குமா என்று பார்க்க நான் உள்ளே போய் நின்றேன். பூட்டு சரியாக விழுகிறதா என்று அவன் பூட்டிப் பார்த்தான். சரியாகத்தான் விழுந்தது. அந்த நேரம் பார்த்து அவனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வண்டியை எடுத்தவன், சாவியோடு ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டான். அப்போதுதான் ஷிஃப்ட் விட்டு மூன்று கம்பெனி பஸ் ஒன்றாக வந்து நின்றது.

"யாருபா இந்தத் தலைவரு? அச்சு அசலா செஞ்சிகிறானுங்கோ!" என்றான் ஒருத்தன். "கண்ணு சிமிட்டுதுடா டேய்" என்று இன்னொருத்தன் பயந்தான். ஒரு புண்ணியவான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். எத்தனை பேர் போனில் நான் இருக்கிறேனோ தெரியாது. கிளியம்மாள் வெளியே வந்து பார்த்தாள். "இருங்க, கல்லுல தோசை கீது" என்று உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. உள்ளிருந்து அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

நீ சிரிக்கவில்லை. அன்புவிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தாய். கம்பி நெருக்கமாக இருந்ததால் கிளாஸ் உள்ளே வரவில்லை. இப்படித் திருப்பிப் பார்த்தாய், அப்படித் திருப்பிப் பார்த்தாய். நா வறண்டு போன அவசரத்தில் நான் இரண்டு கையையும் குவித்துக் கம்பிக்கு வெளியே நீட்டினேன். நீ ஊற்றப்போய் அப்படியே நின்றுவிட்டாய். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் அப்பா கடையில் உன் தெருக்காரர்களுக்குத் தண்ணீர் ஊற்றியது அப்படித்தான். குவித்த கையில், தூக்கி, மேலே படாமல்.

"வேணாம் மணி. வெளிய வந்து குடி" என்றாய். ஒன்றரை மாதத்தில் உன் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பேச்சு. சாவி வருகிறவரை கூண்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாய். பஸ்காரர்கள் சிரித்ததற்கு எனக்கு வெட்கம் வரவில்லை. அந்தக் கையை நீட்டிக்கொண்டு நின்றதை நினைத்துத்தான் நேற்றெல்லாம் அழுதேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்?

கூண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். கூண்டு இல்லை என்றால் சிலைக்கு அனுமதியும் இல்லை. ராஜா வாலாஜாபாத்திலேயே வாளோடு நிற்கட்டும். ஆனால் என் பட்டா நிலத்தில் நான் ஒரு கல் பெஞ்சு போட்டால் யார் கேட்பது? பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் உட்காரட்டும். முதுகுச் சாய்மானத்தில் உன் அப்பா பேர் மட்டும். சம்மதமா?

சுப்பிரமணி


புளியந்தாங்கல் கூட்டுரோடு
18 ஆகஸ்ட் 2025

ஷாரோனுக்கு அவசரமாக,

நீ சம்மதம் சொன்ன கையோடு வேலையை ஆரம்பித்தேன். பெஞ்சு பிரமாதமாக வந்திருக்கிறது. ஆனால் ஒரு தப்பு நடந்துபோச்சு. அதைப் பார்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

"அந்தோணிராஜ்" என்று பேரை எழுதிக் கல்வெட்டுகிற ஆளிடம் கொடுத்தேன். அந்த மனுஷன் கோயில் பெஞ்சு, சர்ச் பெஞ்சு, பஸ் ஸ்டாப் பெஞ்சு என்று ஆயுசு முழுக்க வெட்டியவர். பெஞ்சில் பேர் போட்டால் முன்னால் என்ன வருமோ அதைப் பழக்கதோஷத்தில் அவரே சேர்த்து வெட்டிவிட்டார். "உபயம்: அந்தோணிராஜ்" என்று இருக்கிறது. யாரோ பணக்காரர் பெஞ்சு வாங்கிக் கொடுத்த மாதிரி! நான் தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். "உபயம் இல்லாம பெஞ்சுல பேரு போடுவாங்களா சார்?" என்று அவர் என்னையே கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை உளி வைத்துச் செதுக்கி எடுத்துவிடுகிறேன். அதுவரை கூட்டுரோடு பக்கம் வந்துவிடாதே. உன் கோபத்தைத் தாங்க எனக்கு இனிமேல் தெம்பு இல்லை.

சுப்பிரமணி


படப்பை
22 ஆகஸ்ட் 2025

அன்பான மணிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே வந்து பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம். நீ சந்தைக்குப் போயிருந்தாய். அன்புவிடம் கேட்டு வாங்கி ஒரு டீ குடித்தேன். போதாமல் இன்னொன்று குடித்தேன். இத்தனை நாள் ஆறவிட்டதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, உன் கடை டீ நன்றாகத்தான் இருக்கிறது.

பெஞ்சில் எனக்கு இடமே இல்லை. ஒரிசாக்காரப் பையன் ஒருத்தன் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தூங்குகிறான். உன் ஆட்கள் இரண்டு பேர், எங்கள் தெருப் பிள்ளைகள், தெற்கத்திப் பெண்கள், எல்லாம் கலந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுகப்பிரியாதான் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அவள் பக்கத்தில் புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி. கல்லில் இருந்த பேரை விரலால் தடவிப் படித்துவிட்டு, "யாருக்கா இந்த அந்தோணிராஜ்? நல்ல மனுசன் போல, நாம உக்காரதுக்குக் குடுத்துருக்காரே" என்றாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சுகப்பிரியா என்னைப் பார்த்தாள், பிறகு அவளிடம் சொன்னாள்: "ஆமாட்டி. அவருதான் குடுத்தாரு."

கல்வெட்டினவர் தப்பாக வெட்டவில்லை மணி. உளியைத் தொடாதே.

உன் சிநேகிதி,
ஷாரோன்