கண்ணாடி ஏற்றும் கைப்பிடி

மாமா,

ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், உங்கள் காரின் டிரைவர் பக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி நேற்றுக் காலை சூலூர் வீட்டு வாசலில், வண்டி பார்க்க வந்தவரின் முன்னிலையில், இயற்கை எய்தியது. சுற்றும்போதே கழன்று என் கையோடு வந்துவிட்டது. கண்ணாடி பாதியில் நிற்கிறது. மற்ற பாகங்கள் நலம். அவற்றின் முறை இன்னும் வரவில்லை.

ஆக, நம் சண்டையில் கடைசியில் ஜெயித்தது நான்தான். விலை கம்மியாக இருக்கணும், மைலேஜ் கொடுக்கணும், எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் பார்ட்ஸ் கிடைக்கணும், அதுதான் கார் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். உங்கள் காரைச் செய்த கம்பெனி இந்தியாவை விட்டே போய்விட்டது, வண்டிக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் ஓடுகிறது என்றும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சிரிப்பீர்கள்.

"உன்ற வண்டில போனா ஊரு வந்துரும் மாப்ள, அவ்வளவுதான். என்ற வண்டில போனா, ஊரு வந்ததுக்கே ஒரு சந்தோசம் வரும் பாரு."

அந்தச் சந்தோசத்தை ஆனைமலைக்குப் போன அன்று நானும் அனுபவித்தேன், பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் காருக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்துப் பின்கண்ணாடியில் ஒட்டினேனே. கார் படத்துக்கு மாலை, கீழே 'உன்னைப் பெற்ற கம்பெனியிடமே போய்ச் சேர்ந்தாயோ' என்று ஒரு வரி. நீங்கள் கவனிக்காமலே அவிநாசி ரோட்டு பேக்கரிக்குப் போய்விட்டீர்கள். ஞாயிறுதோறும் அங்கே கூடும் உங்கள் கூட்டாளிகள், எல்லாருமே மூடிப்போன கம்பெனி வண்டிக்காரர்கள், டீயைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து உங்களிடம் துக்கம் விசாரித்தார்களாம். திரும்பி வந்தால் உதை நிச்சயம் என்று மொட்டை மாடியில் பதுங்கிக் கிடந்தேன். நீங்களோ அதைக் கிழிக்கவே இல்லை.

"நல்லா எழுதிப்போட்ட மாப்ள. எனக்கும் நீயே எழுதிரு" என்றீர்கள்.

எழுதினேன். அதே ஃப்ளெக்ஸ் கடைதான். கடைக்காரர் பழைய ஃபைலைத் திறந்து உங்கள் படத்தைச் சேர்த்துவிட்டு, கார் படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டுமுங்க என்றேன். ஊரிலேயே காரோடு சேர்ந்து அஞ்சலி வாங்கிய ஆள் நீங்கள்தான்.

இப்போது அத்தை வண்டியை விற்கச் சொல்லிவிட்டார். வாசலில் நிற்பதைப் பார்க்கப் பார்க்க, நீங்கள் உள்ளே இருப்பதுபோலவே இருக்கிறதாம். கார் விஷயம் தெரிந்தவன் என்று பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே வாரத்தில் தள்ளிவிடுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். வண்டியைத் தள்ளுவது எனக்குப் புதிதா என்ன?

வாரங்கள் போய்விட்டன. வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டாமா? பார்ட்ஸ் கிடைக்காதுங்க, மழையில் ஸ்டார்ட் ஆகாதுங்க, விற்றால் பாதி விலைகூட வராதுங்க. எல்லாம் உங்களிடமே ஒத்திகை பார்த்த வசனங்கள். ஒருவர் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் கண்ணு, வர்றவங்களையெல்லாம் நீயே தொரத்தி உட்டுப்போட்டு, வண்டி விக்கலைங்கறயா?"

அத்தை பாதியில் நின்ற கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஞாயித்துக்கெழம நீயே பேக்கரிக்கு எடுத்துட்டுப் போ. சும்மா நின்னா பேட்டரி எறங்கிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அறிவிப்பில் ஒரு சின்னத் திருத்தம் மாமா. நேற்றுக் காலை வண்டி பார்க்க யாரும் வரவில்லை. நான்தான் உங்கள் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, உங்களை மாதிரி முழங்கையை வெளியே வைத்துப் பார்க்கலாம் என்று சுற்றினேன். கழன்ற கைப்பிடி இப்போதும் என் பாக்கெட்டில்தான் இருக்கிறது.

உங்கள் பேக்கரிக் கூட்டாளிகளில் அந்த ஈரோட்டுக்காரரிடம் பழைய கைப்பிடி ஒன்று இருக்கிறதாம். போனில் பேசினேன். எந்த வண்டிக்கு என்று கேட்டார்.

"என்ற வண்டிக்குங்க" என்று சொல்லிப்போட்டேன்.