பசுமைக் காலம்

அகோத்தின் அம்மாவுக்கு,

நீ போனுக்கே வரமாட்டேன் என்கிறாயாம். ஆறு வடிந்ததும் முதலில் கிளம்பும் சாமான் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்; சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட்டு நானும் பின்னாலேயே வருகிறேன்.

மாரா ஆற்றுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு ஐந்து நாள் ஆகிறது. பாலத்தைத் தண்ணீர் மூடிவிட்டது. செய்தி கேட்டதும் நீந்தியாவது வருகிறேன் என்று கிளம்பினேன். கேம்ப் மானேஜர் நீர்யானைகளைக் காட்டி, "போ, உன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேர்த்து அழட்டும்" என்றார்.

என் ஜீப்பில் ஒரு வெள்ளைக்கார ஜோடி. மழைக்காலம் என்பதால் பாதி விலைக்கு வந்தவர்கள். நல்லவர்கள்தான். அவர்கள் முன்னால் 'மழை' என்ற சொல் வாயிலேயே வரக்கூடாது, 'பசுமைக் காலம்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. அதைச் சொல்லி நாம் எத்தனை முறை சிரித்திருக்கிறோம்.

உன் அண்ணன் போனில், "நீ வர்ற வரைக்கும் பிள்ளையை வச்சிருக்க முடியாது மாப்ள. இன்னைக்கே அடக்கம் பண்ணிடறோம்" என்றார். சரி என்றேன்.

மழையில் பிறந்தவள் என்று நீயே அகோத் எனப் பெயர் வைத்துவிட்டாயாம். நம் வழக்கப்படி சரியான பெயர்தான்.

இன்று சிங்கம் பார்த்துத் திரும்பும்போது அந்த வெள்ளைக்கார அம்மா, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு. அகோத்."

"அட, அழகான பேரு! என்ன அர்த்தம்?"

வாய்ப் பழக்கம். "பசுமைக் காலம்" என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அவள் முகம் பார்க்காத
அவளுடைய அப்பா