லேஸ் இல்லாத பூட்ஸ்

திருப்பூர்
16.9.2008

அன்புள்ள அப்பாவுக்கு,

விஜயராணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா தைலம் தேய்த்துவிடுகிறாளா?

போன வாரம் கம்பெனியில் ஒரு கூத்து. பயப்பட ஒன்றுமில்லை, சிரிக்கத்தான் சொல்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிற பனியனில் கால்பந்து பூட்ஸ்களை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். ஒரே ரக பூட்ஸ் வருஷத்துக்கு வருஷம் எப்படி எடை குறைந்தது என்று காட்டும் படம். முதலாவது உங்களுடையதைப் போலத் தடித்த தோல். அடுத்தடுத்து மெலிந்து, கடைசி பூட்ஸ் காலுறை மாதிரி ஆகிவிட்டது. அதில் லேஸே இல்லை. அச்சு விட்டுப்போயிற்று என்று நினைத்து, செக்கிங்கில் என் கைக்கு வந்த பனியனிலெல்லாம் பழுது என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

சூப்பர்வைசர் கதிர்வேல் அண்ணன் ஓடி வந்தார். "ஏங்கண்ணு, லேஸ் உள்ளாரதான் இருக்குது. பந்து படற எடம் வழவழன்னு இருக்கோணும்னு மேல மூடியிருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேட்ச் நாளில் உங்கள் லேஸைப் பாதத்தைச் சுற்றி இழுத்துக் கட்டிவிட்டவள் நான்தானே. எந்த பூட்ஸைப் பார்த்தாலும் என் கண் லேஸைத்தான் தேடும். இதை இங்கே யாரிடம் சொல்ல? அறையில் கூட இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். என் பெட்டியின் பூட்டு உடைந்துவிட்டது. கட்டிவைக்க உங்கள் பழைய லேஸ் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்,
விஜயராணி

லேஸை அம்மா துவைத்துவிடப் போகிறாள். வேண்டாம். அப்படியே அனுப்புங்கள்.