கதவுக் கைப்பிடியைத் திருப்பி அனுப்பு

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம், கோபமும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருந்து, நான் திட்டுவதைத் தெம்போடு படிக்க வேண்டும். இது என் கையாலேயே எழுதுவது. இதுவரை எழுதிக்கொடுத்த பக்கத்து வீட்டுத் தையல்காரர் என் திட்டையெல்லாம் கொஞ்சலாக மாற்றி அனுப்பினாராம், அவரே சொல்லிச் சிரிக்கிறார். இனி அது நடக்காது. மாலை வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது, ஆனாலும் நினைத்ததை நினைத்தபடி திட்டுவதில் என்ன சுகம்டா!

உன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தின் படம் பார்த்தேன். நம் கதவுக் கைப்பிடி அதில் தொங்குகிறது. கேட்காமல் தூக்கிப் போயிருக்கிறாய். போதாததற்கு, விருந்தாளிக்கு என்றும் கதவு திறந்திருக்கும் என்பதற்கு அது அடையாளம் என்று மாமனார் வீட்டில் அளந்திருக்கிறாய். திறந்த கதவாம்! அதனால்தான் நாங்கள் உள்ளே அடைபட்டுக் கிடந்தோம். நீ அப்போது கைக்குழந்தை. தச்சு வேலை செய்யும் உன் மாமாதான் அந்தக் கைப்பிடியைப் பொருத்தினான். கிறிஸ்துமஸ் அன்று சாப்பிடும்போது, அது ஆடுது மச்சான் என்றேன், அவ்வளவுதான். என் வேலையிலயா குறை சொல்றீங்கன்னு எழுந்து போய்க் கதவை அறைந்தான். கைப்பிடி அவன் கையோடு போயிற்று, தாழ் சிக்கிக்கொண்டது. வெளியே நின்றுகொண்டு, பஸ் கதவு மாதிரி தினமும் இழுத்தா இரும்புகூடப் பெயரும்னு டிரைவரான என்னையே ஏசினான். உன் அம்மா புதுத் துணியோடு ஜன்னல் வழியாக இறங்கி, அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கிறிஸ்துமஸ் மரத்தில் கட்டினாள். தப்பை யார் முதலில் ஒத்துக்கிறாங்களோ அவங்களே அவிழ்க்கட்டும்னு சொன்னாள். இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் வருஷா வருஷம் கட்டினோம்.

அம்மா போன பிறகு உன் மாமா இந்த வீட்டுக்கு வருவதே கிறிஸ்துமஸ் அன்று மட்டும்தான், நான் அவிழ்த்துவிட்டேனா என்று பார்க்க. தொங்குவதைப் பார்த்ததும், இன்னும் கொழுப்பு அடங்கலையான்னு கேட்டுவிட்டு, இரண்டு வேளை சாப்பிட்டுப் போவான். இந்த முறை மரம் வெறுமையாக இருந்தால், நான் தோற்றதாக நினைத்து அத்தோடு வரவை நிறுத்திவிடுவான். உனக்கு அலங்காரம் வேண்டுமென்றால் உன் வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொள்.

பேத்திக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு, பார்சல் வந்த பிறகு. பண்டிகைக்கு முன் வந்தாக வேண்டும். கைப்பிடியின் துளைக்குள் ஒரு குட்டைத் திருகாணி செருகியிருக்கும், தொலைத்துவிடாதே. நீளமானது போட வேண்டிய இடத்தில் உன் மாமா போட்டது அது, அன்றைக்கே தரையில் கண்டெடுத்தேன். அதை மட்டும் அவனிடம் காட்டினால் அவன் வாயடைத்துப் போவான். அதனால்தான் காட்டவில்லை.

யார் உதவியும் இல்லாமல் எழுதிய,
உன் அப்பா